போர்க்கால விமானிக் கையேடு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒட்டுச்சீட்டைத் தடவிப் பாருங்கள்

என் அலமாரியில் முதலில் வந்து உட்கார்ந்த ஸ்பிட்ஃபயர் (பிரிட்டிஷ் சண்டை விமானம்) கையேடு அசல் இல்லை. 1940இல் அச்சான பிரதி என்று சொல்லி விற்றார்கள், நானும் நம்பி வாங்கினேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அதைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் மதியம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது விஷயம் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன். அவசரமாக ஏதாவது வாங்கப் போகிறவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் விமானிகளுக்கு அச்சடித்துக் கொடுத்த கையேடுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜெர்மன், ஜப்பான் கையேடுகளும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. எனக்கு அந்த மொழிகள் தெரியாது. படிக்க முடியாத கையேட்டை வாங்குவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர்க்காலத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானி பயிற்சியை வேறு விமானங்களில்தான் முடித்துவிட்டு வருவார். ஸ்பிட்ஃபயருக்கு ஒரே இருக்கை. ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து சொல்லித்தர இடமே கிடையாது. முதல் தடவை ஏறும்போதே தனியாகத்தான் பறக்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கும் அந்த என்ஜினுக்கும் நடுவில் துணையாக இருந்தது ஒரு மெல்லிய புத்தகம்தான். அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிப்பது வேறு மாதிரியான அனுபவம்.

படி 1: வாங்காதீர்கள், படியுங்கள்

ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று போதும். அதன் கையேட்டை ஸ்கேன் வடிவில் தேடி முழுதாக ஒருமுறை படியுங்கள். அமெரிக்க அரசு வெளியீடுகளுக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. பிரிட்டிஷ் அரசு வெளியீடுகளுக்கான அரசுக் காப்புரிமை வெளியிட்ட 50 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே போர்க்காலக் கையேடுகளைப் பகிர்வதிலும் படிப்பதிலும் சிக்கல் இல்லை, தாராளமாகக் கிடைக்கின்றன.

படித்த பிறகும் ஆசை இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள். பாதியிலேயே அலுத்துவிட்டால் பணம் மிச்சம்.

படி 2: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பிரிட்டிஷ் கையேடுகளில் 'ஏ.பி.' என்று தொடங்கும் எண் இருக்கும். ஏர் பப்ளிகேஷன் என்பதன் சுருக்கம் அது. ஸ்பிட்ஃபயருக்கு 1565, ஹரிக்கேனுக்கு 1564, லங்காஸ்டருக்கு 2062, மொஸ்கிட்டோவுக்கு 2019. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து எந்த மாடல் என்று சொல்லும்; மாடலை பிரிட்டிஷ்காரர்கள் 'மார்க்' என்பார்கள். 1565 ஏ என்றால் முதல் மார்க் ஸ்பிட்ஃபயர், பி என்றால் இரண்டாவது, ஈ என்றால் ஐந்தாவது, ஜே என்றால் ஒன்பதாவது. இந்த எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால், ஐந்தாவது மார்க் வேண்டும் என்று போய் ஒன்பதாவதோடு திரும்புவீர்கள்.

இவற்றோடு 2095 என்ற எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த விமானத்துக்கும் உரியதல்ல, 'பைலட்ஸ் நோட்ஸ் ஜெனரல்' என்ற பொதுக் கையேடு. போரின் பிற்பகுதியில் வந்த நீலஅட்டைக் கையேடுகளின் முதல் பக்கத்திலேயே, இந்தப் பொதுக் கையேட்டை விமானி கரைத்துக் குடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அதனால்தான் லங்காஸ்டர் கையேட்டை மட்டும் தனியாகப் படித்தால் பல இடங்களில் ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றும். விட்டுப்போனது எல்லாம் 2095இல் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அமெரிக்கக் கையேடுகளில் இரண்டு வகை உண்டு, புதியவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். ஒன்று டெக்னிகல் ஆர்டர். அதன் எண் 01-20 ஈஜி-1 என்கிற மாதிரி இருக்கும். 01 என்றால் விமானம். 20 என்றால் போயிங் கம்பெனி. நார்த் அமெரிக்கன் என்றால் 60, லாக்ஹீட் என்றால் 75. நடுவில் வரும் எழுத்துகள் மாடலைக் குறிக்கும். கடைசி எண்தான் முக்கியம். 1 என்றால் விமானி ஓட்டுவதற்கான கையேடு. 2 பராமரிப்பு, 3 கட்டமைப்பு ரிப்பேர், 4 உதிரிபாகப் பட்டியல். '4' எண்ணுள்ள புத்தகம் தடிமனாக, படங்களோடு பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் இருப்பதெல்லாம் நட்டு, போல்ட்டு, அவற்றின் எண்கள் மட்டுமே.

இரண்டாவது வகை 'பைலட் டிரெய்னிங் மேனுவல்'. அமெரிக்க ராணுவ விமானப்படையின் பறத்தல் பாதுகாப்பு அலுவலகம் தயாரித்தது. ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸுக்கு 50-13, லிபரேட்டருக்கு 50-12, மஸ்டாங்குக்கு 51-127-5. கார்ட்டூன் படங்கள், நேரில் பேசுகிற நடை, "இதைச் செய்யாதே, ஏனென்றால்..." என்று காரணம் சொல்லும் பாங்கு. டெக்னிகல் ஆர்டர் சட்டப் புத்தகம் என்றால், இது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணன். புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

(இடையில் ஒன்று. லிபரேட்டர் கையேட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம். போர் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களைப் பெங்களூரு ஹெச்.ஏ.எல். காரர்கள் மீட்டுச் சரிசெய்து பறக்கவைத்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. உலக அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் சில அப்படி இங்கிருந்து போனவை.)

படி 3: அசலா, மறுபதிப்பா?

நான் இடறி விழுந்த படி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஸ்பிட்ஃபயர் போன்ற பிரபலமான விமானங்களின் கையேடுகளைப் போருக்குப் பிறகு பலர் மறுபதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, படிப்பதற்கு அவை அருமையானவை. மறுபதிப்பை அசல் என்று விற்கும்போதுதான் பிரச்சினை. சில மறுபதிப்புகளுக்கே இப்போது நாற்பது ஐம்பது வயது. காகிதம் பழுத்திருக்கும், அட்டை ஓரம் நைந்திருக்கும். பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும்.

என்னிடம் இருந்தது 1565 பி, இரண்டாவது மார்க் ஸ்பிட்ஃபயருடையது. அட்டையில் 1940 என்று போட்டிருந்தது. காகிதம் மஞ்சள். பழைய புத்தக வாசனைகூட இருந்தது. அன்று மதியம் வெயில் சாய்வாக விழுந்த நேரத்தில் ஒரு பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு தெரிந்தது. செவ்வகமாக, ஒரு மூலையில் மட்டும் லேசாகத் தடித்து. முதலில் பென்சில் கோடு என்று நினைத்தேன். ரப்பரை மெதுவாக வைத்துப் பார்த்தேன், போகவில்லை. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோடு அச்சு மையில் இருந்தது.

அது ஒரு நிழல். யாரோ ஒருவர் அசல் கையேட்டைப் புகைப்படம் எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். அசலில் அந்த இடத்தில் ஒரு திருத்தச் சீட்டு, அதாவது பழைய வரியின் மேல் புது வரியை அச்சடித்து ஒட்டும் துண்டுக் காகிதம், ஒட்டியிருந்திருக்கிறது. சீட்டின் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் விழுந்த நிழலும் படத்தில் சேர்ந்து, அப்படியே அச்சாகிவிட்டது. விரலால் தடவினால் மேடு இல்லை. பக்கம் வழவழவென்று ஒரே மட்டமாக இருந்தது.

ஆக, முதல் சோதனை இதுதான்: ஒட்டுச்சீட்டு இருக்கும் இடம் எதையாவது கண்டுபிடித்து விரல் நுனியால் தடவுங்கள். அசலில் காகிதத்தின் விளிம்பு நெருடும். மறுபதிப்பில் நெருடாது. இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் சீட்டு ஒட்டிய பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் தயங்க மாட்டார்.

இரண்டாவது சோதனை புற ஊதா டார்ச். 1950ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவலானது. புற ஊதா ஒளி பட்டால் அது பளிச்சென்று நீலமாக ஒளிரும். போர்க்காலக் காகிதத்தில் அது கிடையாது, மங்கலாக, சோகையாகத்தான் தெரியும். கள்ளநோட்டுப் பார்க்கும் டார்ச் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். ஆனால் வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே அதிகமாகக் கொட்டும். காகிதம் ஒளிர்கிறதா, டார்ச் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதா என்று பிரித்துப் பார்க்கக் கண்ணுக்குச் சிரமம்.

ஒரு எச்சரிக்கை. ஒளிர்ந்தால் போர்க்காலக் காகிதம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒளிரவில்லை என்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு கட்டக் கூடாது. வெண்மை கூட்டாத காகிதத்தில் அச்சடித்த மறுபதிப்பும் ஒளிராது. என்னுடையது அந்த ரகம்தான்.

மூன்றாவதாக லென்ஸை வைத்து எழுத்துகளைப் பாருங்கள். நேரடியாக எழுத்து கோத்து அச்சடித்ததில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், சில இடங்களில் எழுத்து காகிதத்தில் லேசாக அழுந்தியிருக்கும். படம்பிடித்து அச்சடித்ததில் எழுத்தின் உள்வளைவுகள் அடைத்துக்கொண்டு, ஓரம் கொஞ்சம் கரைந்தது போல இருக்கும். படங்கள் இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஏற்கெனவே புள்ளிகளால் ஆன படத்தை மறுபடி புள்ளிகளாக்கி அச்சடித்தால் பாய் பின்னல் மாதிரி ஒரு வடிவம் தெரியும்.

கடைசியாகப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் அச்சக வரி. பிரிட்டிஷ் வெளியீடுகளில் பெரும்பாலும் இருக்கும். எண்களாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அதில் 5/43 என்று இருந்தால் 1943 மே மாதம் அச்சடித்தது என்று பொருள். பக்கத்திலேயே எத்தனை பிரதி என்றும் இருக்கும். மறுபதிப்பிலும் இந்த வரி படத்தோடு சேர்ந்து வந்துவிடும் என்பதால் இதை அசலுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள், தேதிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒட்டுச்சீட்டுகளைப் படிப்பது

அசல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் காக்பிட் படத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் முன் அட்டையின் உள்பக்கத்தைத் திறங்கள். அங்கே திருத்தப் பதிவு அட்டவணை இருக்கும். திருத்தப் பட்டியல் எண், சேர்த்தவரின் சுருக்கெழுத்து, தேதி.

பறக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு விமானத்தைப் பற்றிப் பல விஷயங்கள் தெரியவரும். ஒவ்வொரு தடவையும் புதுப் புத்தகம் அச்சடிக்க முடியாது, அந்த நாட்களில் காகிதத்துக்கே தட்டுப்பாடு. அதனால் பின்பக்கம் பசை தடவிய சீட்டுகளாக அச்சடித்து அனுப்பினார்கள். விமானி தன் பிரதியில் அந்தந்த இடத்தில் ஒட்டி, அட்டவணையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

1940ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருந்த மெர்லின் என்ஜினுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தது. அதற்கு முன் பூஸ்ட் அழுத்தம் (என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) 6¼ பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. புது பெட்ரோலில் சண்டை நேரத்தில் 12 பவுண்டு வரை போகலாம் என்றானது. அந்த எண் தெரிந்த விமானிக்கும் தெரியாத விமானிக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஒரு எண்ணை மாற்றத்தான் சீட்டு. பார்க்க நம்மூர் பஸ் டிக்கெட் மாதிரி இருக்கும்.

நான் பிற்பாடு வாங்கிய ஒரு நீலஅட்டைக் கையேட்டில் மூன்றாவது திருத்தப் பட்டியல் வரை வந்த சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன, நான்காவது பட்டியலின் சீட்டுகள் ஒட்டவில்லை. அட்டவணையில் முதல் மூன்றிலும் ஒரே சுருக்கெழுத்து, ஒரே பேனா மை. நான்காவது வரி காலியாகக் கிடக்கிறது. அந்த விமானி வேறு விமானத்துக்கு மாறியிருக்கலாம், போர் முடிந்திருக்கலாம். வேறு ஏதாவதும் நடந்திருக்கலாம். அந்தக் காலி வரியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு.

இதில் செய்யவே கூடாத காரியம் ஒன்று இருக்கிறது: அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் சீட்டைப் பிரிக்காதீர்கள். நீராவி காட்டினால் வந்துவிடும் என்று சொல்வார்கள். வரும்தான், கூடவே கீழே இருக்கும் எழுத்தும் உரிந்து வரும். அதற்குப் பதிலாக, இருட்டு அறையில் அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்து, பின்னால் செல்போன் டார்ச்சைக் காட்டுங்கள். பழைய வரியும் புது வரியும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அதை ஒரு படம் எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பியும் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். வசதிப்பட்டால் போட்டோகாரர்கள் பயன்படுத்தும் எல்.இ.டி. லைட் பலகை வாங்கலாம். வரைபவர்களுக்கான மெல்லிய டிரேசிங் பலகை அதைவிட விலை குறைவு, எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

சில சீட்டுகள் உதிர்ந்து பக்கங்களுக்கு நடுவில் தனியாகக் கிடக்கும். ஃபெவிகாலைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன அமிலமற்ற உறைக்குள் போட்டு வையுங்கள்.

படி 5: விமானி படித்த மாதிரி படிப்பது

பிரிட்டிஷ் கையேடுகளில் ஒரு சாவி இருக்கிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் காக்பிட்டில் அந்தக் கருவியின் மேலேயே பொறித்திருக்கும் சொற்கள். முதல் பக்கக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். இது தெரிந்துவிட்டால் புத்தகத்தின் முகமே மாறிவிடும். வரியில் வரும் ஒவ்வொரு பெரிய எழுத்துச் சொல்லும், கையை நீட்டினால் தொடக்கூடிய ஒரு நெம்புகோல் அல்லது ஸ்விட்ச்.

கடைசியில் காக்பிட் படங்கள் இருக்கும். இடது, நடு, வலது. ஒவ்வொரு கருவிக்கும் எண், எதிரில் விளக்கம். ஒரு நாற்காலியில் உட்காருங்கள். விளக்கப் பக்கத்தை ஒரு அட்டையால் மூடிவிட்டு எண்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பத்து நாள் போனால் பெரும்பாலானவை வந்துவிடும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஃப்ளாப் எங்கே, ரேடியேட்டர் எங்கே, சக்கரம் இறக்குவது எங்கே என்று கையை நீட்டிப் பாருங்கள். அன்றைக்கு விமானிகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு இந்தத் தேர்வு வைத்துத்தான் பறக்க அனுப்பினார்கள்.

நிதானமாகப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு மஸ்டாங் டி மாடலின் பெட்ரோல் பகுதியைக் காட்டுகிறேன். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்குகள், ஒவ்வொன்றும் 92 அமெரிக்க காலன். விமானியின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, 85 காலன். பெர்லின் வரை போய்த் திரும்ப இந்தப் பின் டேங்க் பெரிய உதவி. ஆனால் அது நிரம்பியிருந்தால் விமானத்தின் எடைமையம் பின்னால் போய்விடும். இறுக்கமாகத் திரும்பும்போது கட்டுப்பாட்டுக் கம்பை விமானி இழுப்பது போக, கம்பு தானே அவர் பக்கம் வர ஆரம்பிக்கும். அதைத் தடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் சண்டை தொடங்குவதற்கு முன் அந்த டேங்கைப் பெரும்பாலும் காலி செய்துவிட வேண்டும்.

சரி, அதில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று எப்படித் தெரியும்? இறக்கை டேங்குகளின் மீட்டர்கள் இருக்கையின் இரண்டு பக்கமும் தரையில் இருக்கின்றன. பின் டேங்கின் மீட்டர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால். கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். இதோடு இன்னொன்று: கார்புரேட்டரிலிருந்து ஆவியோடு கொஞ்சம் பெட்ரோலும் திரும்பி வரும், அது போய்ச் சேரும் இடம் இடது டேங்க். அது நிரம்பியிருந்தால் திரும்பி வருவது வெளியே வழிந்து வீணாகும். ஆகவே முதலில் இடது டேங்கில் இடம் பண்ண வேண்டும்.

இவ்வளவையும் படித்த பிறகு, ஆறேழு மணி நேரம் குளிரில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, தோளைத் திருப்பித் திருப்பி மீட்டரைப் பார்த்துக்கொண்டே போன ஒரு பையன் கண்முன்னே வருவான். எந்தப் போர்ப்படமும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

ஃப்ளையிங் ஃபோர்ட்ரஸ் கையேட்டைப் படிப்பவர்கள் சரிபார்ப்புப் பட்டியலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் அதன் முதல் மாதிரி விமானம் ஏறியவுடனே விழுந்தது. வால்பகுதிக் கட்டுப்பாட்டுப் பரப்புகளைக் காற்றில் ஆடாமல் பூட்டி வைக்கும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அனுபவமே இல்லாதவர்கள் மறந்ததல்ல, தேர்ந்த சோதனை விமானிகள் இருந்தும் நடந்தது. அதன் பிறகுதான் நினைவை நம்பாமல் எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை அந்த விமானத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பிரிட்டனின் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி விமானிகள் வைத்திருந்த 'ஃபெர்ரி பைலட்ஸ் நோட்ஸ்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து படைத்தளத்துக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. பெண் விமானிகளும் இதில் இருந்தார்கள். காலையில் ஒரு ரகம், மதியம் அதுவரை பார்த்தேயிராத இன்னொரு ரகம். அதற்காக ஒரு விமானத்துக்கு ஒரு சின்ன அட்டை என்று வளையத்தில் கோத்துக் கொடுத்தார்கள். ஒரு விமானத்தை ஓட்ட உண்மையிலேயே என்னென்ன தெரிந்தால் போதும் என்பதை அந்த அட்டை அளவுக்குச் சுருக்கிய மனிதர்களின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அசல் கிடைப்பது கடினம், மறுபதிப்பு போதும்.

படி 6: நம் ஊர் புழுக்கத்தில் காப்பாற்றுவது

சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், ராமபாணப் பூச்சி, துருப்பிடித்த ஸ்டேபிள் பின்.

பின் துருப்பிடித்துக் காகிதத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் போட ஆரம்பித்திருந்தால் மட்டும் கழற்றுங்கள். பின்னெடுக்கும் கருவி வேண்டாம், அது கிழித்துவிடும். மெல்லிய தட்டைக் கத்தியைப் பின்னின் காலுக்கு அடியில் கொடுத்து, நிமிர்த்தி, இழுக்காமல் தள்ளி எடுங்கள். அதே ஓட்டைகள் வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

உறைக்குப் பாலியெஸ்டர் தாள் வாங்குங்கள். பி.வி.சி. உறை சீக்கிரமே பிசுபிசுக்கும், எழுத்தையும் ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்தது நம் முன்னோர் கண்ட நல்ல வழி. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. வைப்பதாக இருந்தால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தால் பச்சைக் கறை ஏறும்.

கையுறை போடத் தேவையில்லை. துணிக் கையுறையோடு புரட்டினால் மெல்லிய பக்கம் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதில் நான் யோசிக்காமல் விட்ட விஷயங்கள் இருந்தன.

அட்டையில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்று முத்திரை இருக்கிறதே, வைத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கையேடுகளிலும் அது உண்டு. அமெரிக்கா அந்த ரகசிய வகையையே 1953இல் எடுத்துவிட்டது. போர்க்காலக் கையேடுகளுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய பேப்பர் கடையில் நம் விமானப்படையின் இப்போதைய காகிதம் எதையாவது பார்த்தால் வாங்காதீர்கள். அது சேகரிப்புப் பொருள் அல்ல.

புற ஊதா டார்ச்சில் புத்தகம் முழுக்க மங்கல், ஒரு பக்கம் மட்டும் நீலமாக ஒளிர்கிறது, போலியா என்று இன்னொருவர் படம் அனுப்பியிருந்தார். உற்றுப் பார்த்தால் அந்தப் பக்கத்தின் கிழிசலைப் பின்னாளில் யாரோ வெள்ளைக் காகிதம் ஒட்டிச் சரிசெய்திருக்கிறார்கள். ஒளிர்ந்தது அந்த ஒட்டு மட்டும்தான். புத்தகம் அசல்.

பூச்சி அரித்த புத்தகத்தை ஃப்ரீசரில் வைக்கலாமா என்ற கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தது. வைக்கலாம். ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே அப்படியே இருக்கட்டும், வியர்வை பையின் மேல்தான் படிய வேண்டும், அட்டையில் படியக் கூடாது.

ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறதே, அழித்துவிட்டால் விலை கூடுமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து அழிக்காதீர்கள். என்னிடம் இருக்கும் ஹார்வர்ட் பயிற்சி விமானக் கையேட்டில், தரையிறங்கும் வேகம் வரும் வரிக்குப் பக்கத்தில் மூன்று தடவை அடிக்கோடு போட்டு ஒரு ஆச்சரியக்குறி. அதற்கு அடியில் நடுக்கமான கையெழுத்தில் ஒரு தேதி. அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. அடிக்கோடு மட்டும் அடுத்த பக்கத்தில் தடம் தெரியும் அளவுக்கு அழுத்தமாக விழுந்திருக்கிறது.